மாட்டிடம் கடனைத் திருப்பிக் கேட்க முடியுமா?

டோக்கியோவுக்குக் குடிவந்த முதல் ஆண்டில், ஞாயிறுதோறும் எங்கள் வட்டார நூலகத்தின் மாடியில் தன்னார்வலர்கள் நடத்திய ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் நாளிதழில் வந்த ஆள்கடத்தல் செய்தியை வாசித்தபோது ‘மினோஷிரோகின்’ என்ற சொல் குறுக்கிட்டது. கடத்தியவன் ஆளை விடுவிக்கக் கேட்கும் பணம் என்பது அதன் இன்றைய பொருள். எழுத்துகளைத் தனித்தனியே பிரித்தால் ‘உடல்’, ‘ஈடு’, ‘பணம்’ என்று வருகிறது. பொருத்தமான சொல்தான் என்று நான் வியந்துகொண்டிருக்கையில், எங்களுக்குப் பாடம் சொன்ன எழுபது வயது அம்மையார், “பழைய காலத்தில் இந்தப் பணத்தை வாங்கியவன் கடத்தல்காரன் இல்லை, பெற்ற தகப்பன்” என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.

ஜப்பானில் அடிமைமுறை இருந்ததா என்று இங்குள்ள நண்பர்களிடம் கேட்டால், கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்து பருத்திக் காட்டில் இறக்கிய வரலாறு எங்களுக்கு இல்லை என்ற பதில் பெரும்பாலும் வரும். அது பொய்யில்லை. ஆனால் அந்த அம்மையாரின் வாக்கியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சில ஆண்டுகள் படித்ததில் எனக்குத் தென்பட்டது வேறு ஒன்று. ‘அடிமை’ என்ற தகுதி இந்நாட்டுச் சட்டத்திலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கழன்று விழுந்துவிட்டது. அது காலிசெய்த நாற்காலியில் கடன் வந்து அமர்ந்தது. தகுதியை ஒழிக்க ஓர் ஆணை போதும். கடனை ஒழிக்க அப்படி எந்த ஆணையும் எளிதில் போதவில்லை.

தொடக்கத்தில் அடிமை, பெயரளவிலும் அடிமையாகவே இருந்தார். 3ஆம் நூற்றாண்டில் அரசி ஹிமிகோ சீனத்து வெய் அரசுக்கு அனுப்பிய காணிக்கையில் நான்கு ஆண்களும் ஆறு பெண்களும் அடக்கம் என்றும், அவள் இறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் உடன் புதைக்கப்பட்டார்கள் என்றும் சீன வரலாற்றேடு சொல்கிறது. 701ஆம் ஆண்டின் தைஹோ சட்டத்தொகுப்பு மக்களை ‘நல்லோர்’, ‘இழிந்தோர்’ என இரண்டாகப் பிரித்து, இழிந்தோரை மேலும் ஐந்து வகையாக்கியது. அவர்களில் கடைநிலையினர் ‘நுஹி’ எனப்பட்ட அடிமைகள். அவர்களை வாங்கலாம், விற்கலாம், மகனுக்கு எழுதிவைக்கலாம். அரசு நிலம் பங்கிட்டபோது தனியார் அடிமைக்கு நல்லோர் பங்கில் மூன்றில் ஒரு பாகம் கணக்கிடப்பட்டது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 702ஆம் ஆண்டின் குடும்பப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. வீட்டுத் தலைவர், மனைவி, மக்கள் என்று வரும் வரிசையில் அவர்களின் அடிமைகளின் பெயரும் வயதும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. அரசுக்குச் சொந்தமான அடிமை 66 வயதில் ஒரு படி உயர்வார், 76 வயதில் நல்லோராவார் என்று சட்டம் பெருந்தன்மையோடு சொல்கிறது. 76 வயதுவரை உயிரோடிருந்து விடுதலை பெற்றவர் எத்தனை பேர், அவர்கள் எந்த வயலில் இறங்கி என்ன செய்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது அந்தப் பெருந்தன்மை கசக்கிறது.

என்னை அதிகம் நிறுத்தியது இந்தச் சட்டத்துக்கும் பத்தாண்டு முந்திய, 691ஆம் ஆண்டின் ஓர் அரசாணை. ஜிதோ என்ற பெண்ணரசி பிறப்பித்தது. அண்ணன் தம்பியை விற்றிருந்தால் தம்பி நல்லோரில் சேர்வான். கடனும் வட்டியும் பெருகி அதற்கு ஈடாக ஒருவர் அடிமைப்பட்டிருந்தால் அவரும் நல்லோரில் சேர்வார். பெற்றோர் பிள்ளையை விற்றிருந்தால் மட்டும் அந்தப் பிள்ளை இழிந்தோரில் சேரும். கடன் ஆளை அடிமையாக்காது, தகப்பன் ஆக்கலாம் என்பதே இதன் சாரம். பின்னால் வரப்போகும் ஆயிரத்து இருநூறு ஆண்டு வழக்கின் இரு கட்சிகளும் அந்த மூன்று வரியிலேயே நின்றுகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நுஹி முறை 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டத்திலிருந்து மறைந்தது. எந்த மனமாற்றமும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. நிலப்பங்கீடு குலைந்து, பதிவேடுகள் பொய்த்து, அடிமைகள் ஓடிப்போய், கலப்பு மணத்துப் பிள்ளைகள் நல்லோரில் சேர, வகைப்பாடே பயனற்றுப் போயிற்று. ஆள்விற்பனை மட்டும் நிற்கவில்லை. 1230, 1231 ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் மக்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்று உயிர் பிழைத்ததைக் கண்டும் காணாததுபோல் விட்ட காமகுரா அரசு, 1239இல் மீண்டும் தடை விதித்தது. பஞ்சம் வந்தால் தடை தளரும், நெல் விளைந்தால் தடை இறுகும்.

16ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களில் கோட்டை விழுந்ததும் படைவீரர் ஊருக்குள் புகுந்து பொருளோடு ஆட்களையும் வாரிக்கொள்வது வழக்கமாயிற்று. 1566இல் ஓதா கோட்டை உயெசுகி கென்ஷின் என்ற படைத்தலைவரிடம் வீழ்ந்தபோது ஆட்கள் இருபது, முப்பது காசுக்கு விலைபோனதாக அக்காலக் குறிப்பொன்று சொல்கிறது. இந்தச் சந்தைக்குள்தான் போர்த்துக்கீசியர் வந்தார்கள். கியூஷு தீவின் துறைமுகங்களில் வாங்கப்பட்ட ஜப்பானியர் மக்காவுக்கும், அங்கிருந்து கோவாவுக்கும் கொச்சிக்கும், மெக்சிகோவுக்கும் லிஸ்பனுக்கும்கூடப் போனார்கள். 1570இலேயே போர்த்துக்கல் அரசர் செபஸ்தியான் ஜப்பானியரை அடிமையாக்கக் கூடாதென்று ஆணையிட்டார். கீழைக்கடலில் அந்த ஆணையை மதித்தவர் குறைவு. 1587இல், அப்போது நாட்டைத் தன் ஆட்சியின்கீழ் கொண்டுவந்துகொண்டிருந்த ஹிதெயோஷி, சேசு சபையின் கஸ்பார் கொயேல்யோவிடம், என் குடிகளை ஏன் வாங்கிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார். உங்கள் ஆட்கள் விற்கிறார்கள், இவர்கள் வாங்குகிறார்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அந்த ஆண்டே சீனத்துக்கும் தென்னாடுகளுக்கும் கொரியாவுக்கும் ஜப்பானியரை விற்பது தடைசெய்யப்பட்டது.

இந்தத் தடையைக் காட்டி ஹிதெயோஷியை அடிமை ஒழிப்பாளராகப் போற்றும் எழுத்துகளை இங்கே இணையத்தில் அடிக்கடி பார்க்கிறேன். ஐந்தே ஆண்டில் அவர் படை கொரியாவில் இறங்கியது. 1597இல் படையோடு மருத்துவராகச் சென்ற கெய்னென் என்ற புத்த துறவி, ஜப்பானிய ஆள்வணிகர் படையின் பின்னாலேயே வந்து, ஆண் பெண் குழந்தை கிழவர் என்று பாராமல் வாங்கி, கழுத்தில் கயிறிட்டுக் கோத்து, நடக்க மாட்டாதவரைத் தடியால் அடித்து ஓட்டிய காட்சியைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நாகசாகியில் ஆள்விலை மலிந்தது. அப்போது அங்கே வந்த பிரான்செஸ்கோ கார்லெத்தி என்ற ஃபிளாரன்ஸ் வணிகர் ஐந்து கொரியச் சிறுவரை அற்ப விலைக்கு வாங்கியதையும், அவர்களில் நால்வரைப் பின்னால் கோவாவில் விடுவித்ததையும் தாமே பதிந்திருக்கிறார். தன் குடிகளை வெளியே விற்கக் கூடாது என்பது ஹிதெயோஷியின் கவலை. ஆளை விற்கக் கூடாது என்பது அவருடைய கவலையாக இருந்ததில்லை.

அடுத்து வந்த தோகுகவா வம்சத்தின் ஆட்சியில்தான் கடன் தன் முழு உருவத்தை எடுத்தது. 1616இல் ஆள்விற்பனை தடைசெய்யப்பட்டது. கூலிக்கு அமர்த்தும் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். பிறகு அது பத்தாண்டாயிற்று. 1698இல் உச்சவரம்பே எடுக்கப்பட்டது. விற்கக் கூடாது, ஆனால் தவணைக்கு ஒப்படைக்கலாம். ‘நென்கி போக்கோ’ என்ற இந்தத் தவணைப் பணியில் தகப்பன் முன்பணம் வாங்கிக்கொண்டு, மகளை இத்தனை ஆண்டுக்கு இன்னார் வீட்டுப் பணிக்கு அனுப்புவதாகச் சீட்டு எழுதிக் கொடுப்பான். விலை என்ற சொல் சீட்டில் இராது. வரி கட்ட முடியாத உழவன் வீட்டில் இது ஏறத்தாழ ஒரு நிதி ஏற்பாடாகவே இருந்தது; மகள் போவது வீட்டுக்குச் செய்யும் கடமை என்று ஊரும் பேசியது, பெரும்பாலான வேளைகளில் அந்தப் பெண்ணும் அப்படியே நம்பினாள்.

யோஷிவாரா என்ற அரசு உரிமம் பெற்ற பரத்தையர் குடியிருப்பின் கணக்குப்புத்தகம் இந்த ஏற்பாட்டின் உச்சம். வழக்கமான தவணை பத்தாண்டு. உடுப்பு, படுக்கை, சிகை அலங்காரம், உடனிருக்கும் சிறுமியரின் செலவு, நோய்க்கு மருந்து, வாடிக்கையாளர் வராத நாளுக்குத் தண்டம், எல்லாம் அவள் பற்றில் ஏறும். தவணை முடிவதற்குள் பற்று முடியாது.

ஒரு மழைநாளில் மினோவா ரயில் நிலையத்தருகே உள்ள ஜோகன்ஜி கோயிலுக்குப் போனேன். 1655இல் எழுந்த சிறு கோயில். 1855 நிலநடுக்கத்தில் மாண்ட யோஷிவாராப் பெண்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து புதைத்ததால் ‘வீசியெறியும் கோயில்’ என்ற பெயர் நிலைத்தது. ஆண்டாண்டாக அங்கே சேர்ந்தவர்கள் சுமார் 25 ஆயிரம் பேர் என்று சொல்லப்படுகிறது. பின்புறத்தில் அவர்கள் அனைவருக்குமாக ஒரே கல்மேடை இருக்கிறது. எங்கள் வகுப்பு அம்மையாரின் வாக்கியம் அங்கே நின்றபோது இன்னும் சற்றுக் கனத்தது. முன்பணம் வாங்கிய தகப்பன்மார் எவரும் பிணத்தை வாங்க வரவில்லை என்பதற்கு அந்த மேடைதான் சான்று.

1872 ஜூலையில் மக்காவிலிருந்து பெருவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘மரியா லூஸ்’ என்ற பெரு நாட்டுக் கப்பல் புயலில் சேதமுற்று யோகஹாமாவில் ஒதுங்கியது. உள்ளே 231 சீனக் கூலிகள். ஒருவர் இரவில் கடலில் குதித்து நீந்தி, அருகே நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அடைந்தார். பிரிட்டிஷ் தூதரகப் பொறுப்பாளர் வாட்சன் இதில் தலையிடுமாறு ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் சொயெஜிமா தனெயோமியை நெருக்கினார். அதே காலத்தில் மதராஸ் துறைமுகத்திலிருந்து மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றியனுப்பியதும் அந்தப் பிரிட்டிஷ் பேரரசுதான் என்பதைத் தமிழ் வாசகர் மறக்க வேண்டியதில்லை.

நீதியமைச்சர் எதோ ஷிம்பெய், பெருவோடு நமக்கு உடன்படிக்கையே இல்லை, இந்த வம்பு எதற்கு என்று எதிர்த்தார். சொயெஜிமா கேட்கவில்லை. கனகாவா மாகாணப் பொறுப்பிலிருந்த ஓயெ தாகு என்ற இளம் அதிகாரி தலைமையில் தனி நீதிமன்றம் கூடியது. கூலிகள் கப்பலுக்குத் திரும்ப மறுத்தபோது, அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும் என்று கப்பல் தலைவர் ரிகார்டோ எரேரா வழக்குத் தொடுத்தார். அவருடைய வழக்கறிஞர் ஃபிரெடரிக் டிக்கின்ஸ் ஜப்பானிய மொழியும் கவிதையும் நன்கறிந்த ஆங்கிலேயர். அவர் நீதிமன்றத்தில் எழுந்து, கூலி ஒப்பந்தம் மனிதத்தன்மைக்கு மாறானது என்றால் இது என்ன என்று கேட்டு, ஒரு ஜப்பானியப் பெண்ணைப் பரத்தையர் விடுதியில் ஒப்படைத்த தவணைச் சீட்டை எடுத்து வைத்தார்.

அந்தக் கணத்தில் நீதிமன்றத்தில் இருந்த முகங்களைப் பார்க்க முடிந்திருந்தால் என்று பல முறை எண்ணியிருக்கிறேன். டிக்கின்ஸ் அடிமைகளுக்காக வாதாடவில்லை. கப்பல்காரனுடைய சரக்கைக் காப்பாற்றவே வாதாடினார். ஆனால் அவர் சொன்னது உண்மை. ஓயெ கூலி ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். சீனர்கள் ஊர் திரும்பினார்கள். பெரு தொடுத்த இழப்பீட்டுக் கோரிக்கையை நடுவராக இருந்த ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் 1875இல் தள்ளுபடி செய்தார். வெளியே வெற்றி. வீட்டுக்குள் அந்தச் சீட்டு மேசைமேலேயே கிடந்தது.

அரசுக்குள் இதுபற்றிய பேச்சு முன்பே தொடங்கியிருந்தது என்றாலும், வழக்குதான் விரட்டியது. 1872 நவம்பர் 2ஆம் நாள் ஆள்விற்பனையையும் தவணைக்கு ஆளை ஒப்படைப்பதையும் தடைசெய்து, பரத்தையரையும் கெய்ஷாக்களையும் விடுவித்து, அவர்கள் மீதான கடன் வழக்குகளை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று ஆணை வந்தது. ஒரு வாரம் கழித்து, முன்பு முரண்டுபிடித்த அதே எதோ ஷிம்பெய்யின் நீதியமைச்சு விளக்க ஆணை ஒன்றை வெளியிட்டது. ஏன் இவர்கள் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதற்கு அதில் கொடுத்த காரணம் உலகச் சட்ட வரலாற்றிலேயே வினோதமானது: இவர்கள் மனித உரிமையை இழந்தவர்கள், மாட்டுக்கும் குதிரைக்கும் வேறானவர்கள் அல்லர், மாட்டிடமும் குதிரையிடமும் மனிதன் கடனைத் திருப்பிக் கேட்பதற்கு நியாயம் இல்லை.

முதன்முதலில் இதைப் படித்தபோது கோபம் வந்தது. மனிதர் என்பதால் விடுவிக்காமல் மாடு என்பதால் விடுவித்திருக்கிறார்களே என்று தோன்றியது. இப்போது எதோவின் தந்திரம் புரிகிறது. கடன் கொடுத்தவன் வாங்கியவன் இருவரும் சமமான மனிதர் என்று வைத்துக்கொண்டால் கடன் செல்லும். செல்லுகிற கடனை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தந்தாக வேண்டும். விடுதிக்காரன் அந்தப் பெண்ணை மாடாகத்தானே வாங்கினான், அப்படியானால் மாட்டிடம் வசூலிக்கட்டும் என்று அவனுடைய கணக்கையே அவன் கழுத்தில் சுற்றினார் எதோ. மக்கள் அதை ‘மாடு குதிரை அவிழ்ப்பு ஆணை’ என்று கிண்டலாக அழைத்தார்கள். இரண்டே ஆண்டில், அரசுக்கு எதிரான சாகா கலகத்துக்குத் தலைமையேற்றதற்காக எதோவின் தலை வெட்டப்பட்டுப் பொதுவில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

அவிழ்த்துவிட்டவர்கள் எங்கே போவார்கள் என்று ஆணையில் ஒரு வரியும் இல்லை. விற்ற தகப்பன் வீட்டுக்கே பலர் திரும்பினார்கள். 1873 டிசம்பரில் டோக்கியோவில் புது விதி வந்தது. விடுதி இனி ‘வாடகை அறை’, பெண் தன் விருப்பத்தில் உரிமம் பெற்று அந்த அறையை வாடகைக்கு எடுப்பவள். முன்பணம் மட்டும் பழைய முன்பணமே. 1900இல் உச்சநீதிமன்றம், உடலைக் கட்டிவைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது; அவ்வாண்டே ஒரு பெண் தொழிலை விட்டு விலகக் காவல் நிலையத்தில் சொன்னால் போதும் என்ற விதியும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதே நீதிமன்றம், பணி ஒப்பந்தம் வேறு, பணக்கடன் வேறு, இரண்டாவது செல்லும் என்று பிரித்துவிட்டது. பெண் வெளியே வரலாம். அவள் தகப்பனின் மாடும் வயலும் ஜப்திக்குப் போகும். எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

விடுதலை ஆணை வந்த இரண்டே நாளில், 1872 நவம்பர் 4ஆம் நாள், தொமியோகா பட்டு நூற்பாலை இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அது அரசின் மாதிரி ஆலை. சாமுராய் குடும்பப் பெண்கள் வேலை கற்க வந்த மதிப்பான இடம். ஆனால் பின்னர் நாகானோவின் சுவா, ஒகாயா பகுதிகளில் பெருகிய தனியார் ஆலைகள் ஹிதா மலையூர்ச் சிறுமியரை, அவர்கள் தகப்பன்மாரிடம் முன்பணம் கொடுத்தே திரட்டின. 1,672 மீட்டர் உயரத்து நொமுகி கணவாயைப் பனியில் நடந்து கடந்து, பூட்டிய விடுதிகளில் தங்கி, நாளைக்குப் பதின்மூன்று பதினான்கு மணிநேரம் அவர்கள் நூற்ற பட்டுதான் போர்க்கப்பல் வாங்கப் பணம் தந்தது. யோஷிவாராவின் சீட்டுக்கும் ஆலையின் சீட்டுக்கும் தொழில்தான் வேறு.

போர்க்காலத்தில் அந்தச் சீட்டுகூடத் தேவைப்படவில்லை. கொரியரைத் திரட்டுவது 1939இல் ஆள்சேர்ப்பாகத் தொடங்கி 1944இல் வெளிப்படையான கட்டாயமாயிற்று. ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்ட சீனர் 38,935 பேரில் 6,830 பேர் இறந்ததாக வெளியுறவு அமைச்சு 1946இல் தானே கணக்கெடுத்தது. தென்கிழக்கு ஆசியாவில் ஜப்பானியப் படையினர் பயன்படுத்திய சொல் ‘ரோமுஷா’. தொழிலாளி என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அந்தச் சொல்லுக்குள்தான் மாண்டார்கள். மூன்று மாத வேலை, நாட்கூலி, இலவச அரிசி என்ற வாக்கு முதலில் வந்தது. வாக்கை நம்ப ஆளில்லாதபோது லாரி வந்தது. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. வெள்ளைப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. நம்மவருக்கு அப்படி இல்லை.

1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18ஆம் உறுப்பு, எவரையும் அடிமைத்தளையில் வைக்கக் கூடாது என்று கூறுகிறது. அவ்வாண்டின் தொழிலாளர் தரச் சட்டம் முன்பணத்தைக் கூலியிலிருந்து கழிப்பதைத் தடுத்தது. ஆனாலும் பழைய முடிச்சு அவிழ்ந்தது 1955 அக்டோபர் 7ஆம் நாள் தீர்ப்பில்தான். 1950இல் ஒரு தகப்பன் 40 ஆயிரம் யென் கடன் வாங்கி, பதினாறு நிரம்பாத மகளை மதுக்கடையில் வேலைக்கு விட்டிருந்தான். கடன் வேறு, வேலை வேறு என்ற அரைநூற்றாண்டுப் பிரிவினையை உச்சநீதிமன்றம் கைவிட்டது. இரண்டும் ஒன்றே, இரண்டும் செல்லாது, பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றது. எதோ மாட்டை வைத்துச் சொன்னதை மனிதர் மொழியில் சொல்ல எண்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

எங்கள் ஞாயிறு வகுப்பில் இப்போது நானும் தொடக்கநிலை மாணவர்களுக்கு உதவுகிறேன். பெரும்பாலோர் 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் வந்த வியட்நாம் இளைஞர்கள். பெயர் பயிற்சி, செய்வது வெல்டிங், காய்கறி வெட்டுதல், சாரம் கட்டுதல். இஷ்டம்போல் முதலாளியை மாற்றிக்கொள்ள முடியாது. குடிவரவு முகமை 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படி வருபவர்களில் சுமார் 55 சதவீதம் பேர் கடன் வாங்கித்தான் வருகிறார்கள். சராசரிக் கடன் சுமார் 5.5 லட்சம் யென். முன்பு முதலாளி தகப்பனுக்குப் பணம் கொடுத்தான். இப்போது தகப்பன் வயலை அடகுவைத்து முகவருக்குப் பணம் கொடுக்கிறான். பணம் போகும் திசைதான் மாறியிருக்கிறது. இத்திட்டத்துக்குப் பதிலாக, முதலாளியை மாற்றிக்கொள்ள ஓரளவு இடம் தரும் புதிய முறைக்கு 2024இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அது 2027இல் நடைமுறைக்கு வரவேண்டும்.

சென்ற மாதம் எண்கள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு காலம், இன்னும் எத்தனை மாதம் என்ற பாடம். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் நோட்டைப் பார்க்காமலே, “இன்னும் ஏழு மாதம்” என்று திருத்தமான உச்சரிப்பில் சொன்னான். ஊருக்குத் திரும்பவா என்று கேட்டேன். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கிறதாம். ஏழு மாதம் என்றது கடன் அடைய.